பல்லி சொன்ன பக்கம்

யாராவது பேச வந்தால் மணியன் முதலில் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுவார். பிறகு தலையை லேசாகச் சாய்த்து, வந்தவரின் வாயைப் பார்ப்பார். கண்ணைப் பார்ப்பதில்லை. வாய் அசைந்து நின்றதும் உடனே பதில் சொல்லமாட்டார். மூக்கால் ஒரு மூச்சை இழுத்து, அதை மெதுவாக வெளியே விட்டு முடித்த பிறகு, "சரிங்க" என்பார். அந்த ஒரு மூச்சு நேரம், வாய் மறுபடியும் அசைகிறதா என்று பார்க்கத்தான். அசையாவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். ஆனால் எதிரில் நிற்பவருக்கு அது வேறு மாதிரித் தெரியும். சொன்னதை முழுதாக வாங்கி, நிறுத்துப் பார்த்து, தாங்கிக்கொண்ட ஒரு மனிதரின் மூச்சு மாதிரி.

பள்ளிபாளையத்தில் முப்பது வருஷமாக விசைத்தறி ஓட்டுகிறார். தறி ஓட்டுகிற எல்லோருக்கும் காது கொஞ்சம் போகும். மணியனுக்கு அநேகமாக முழுதாகவே போய்விட்டது. அதை அவர் வெளியே சொல்லவில்லை. பட்டறைக்குள் சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. பத்துத் தறிகள் சேர்ந்து அடிக்கும் இடத்தில் நல்ல காதும் கெட்ட காதும் ஒன்றுதான். அங்கே எல்லோரும் உதட்டை அகலமாக அசைத்து, சத்தமே போடாமல் பேசுவார்கள். அந்தக் கடைசித் தறியில் நிற்பவர் இந்த முதல் தறிக்காரரிடம் ஊர்ப் பஞ்சாயத்து முழுக்கப் பேசி முடித்துவிடுவார்.

மணியனின் மனைவி கமலவேணிக்கு அடுத்த அறையில் வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற தார்க்கட்டையில் மெஷினால் நூல் சுற்றித் தருவாள். நடுவில் சுவர் இருந்ததால் அவள் காது பிழைத்தது. சுவரில் கண்ணாடி உடைந்துபோன ஒரு ஜன்னல் உண்டு. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர்கள் பேசியதில் பெரும்பங்கு அந்த ஜன்னல் வழியாகத்தான் நடந்தது. சண்டையும் அப்படித்தான். மணியனுக்குக் காது போனது அவளுக்கும் மகள் நர்மதாவுக்கும் மட்டும் தெரியும்.

ஊருக்குள் மணியனுக்கு மன உறுதிக்காரர் என்று பெயர் வந்தது கொரோனா சமயத்தில். பட்டறை முதலாளி தமிழரசு ஒருநாள் காலையில் எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பத்துத் தறியில் நான்கைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். கேட்டவர்களில் இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மணியன் ஒரு மூச்சு விட்டு, "சரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் தறிக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் லாரி வந்து அந்தத் தறியைத்தான் முதலில் ஏற்றியது. ஏற்றும்போதுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. மிச்சமிருந்த தறிகளில் ஒன்றுக்கு அவரை மாற்றிக்கொண்டார்கள்.

"மனுசன்னா அப்படி இருக்கோணும்" என்று பக்கத்து வீட்டுச் சின்னண்ணன் டீக்கடையில் சொன்னார். "தன்ற தறி போகுதுன்னு தெரிஞ்சும் எண்ணெய் ஊத்துறாரு பாரு. கடைசி மரியாதை."

இது நடந்து மூன்று வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை, கமலவேணிக்கு மார்பில் இருந்த கட்டியைச் சோதித்த முடிவை வாங்க இருவரும் ஆற்றுப்பாலம் தாண்டி ஈரோட்டுக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் வழக்கப்படி, நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு வீட்டுக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் மென்மையான மனிதர். மென்மையாகப் பேசினார். முகக்கவசமும் போட்டிருந்தார். எட்டு நிமிஷம் பேசினார். மணியன் அவருடைய புருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. கடைசியில் இறங்கி நின்றன. மணியன் மூச்சு விட்டு, "சரிங்க டாக்டர்" என்றார். டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைத் தட்டினார்.

"என்னங்க சொன்னாரு?" என்று கமலவேணி கேட்டாள்.

"தெரியல வேணி. ரொம்ப நேரம் சொன்னாரு. நல்ல மனுசன்."

கமலவேணி எழுந்தாள். பிறகு கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டுத் தானே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். போனவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.  டவுன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் அவரை உட்காரவைத்து, டிக்கெட் வாங்கிய பிறகு, பட்டறையில் பேசுவதுபோல உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள். புற்று. எடுத்துவிட வேண்டும். அடுத்த வாரம் விட்டு வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். அக்குளுக்குப் பரவ ஆரம்பித்திருக்கிறது, ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. மருத்துவக் காப்பீட்டு அட்டையை எடுத்து வர வேண்டும்.

பஸ்ஸில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பறம், 'உங்க வீட்டுக்காரர் எவ்வளவு தைரியமா கேட்டுக்கிட்டாரு, நீங்களும் அப்படி இருக்கணும்'ன்னாரு" என்று முடித்தாள்.

மணியன் ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. பாலம் தாண்டி இரண்டாவது நிறுத்தத்தில் அவர்கள் இறங்க வேண்டும். எட்டாவதில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தார்கள். ஏன் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள். மணியனின் அக்கா உண்ணாமலை கொமாரபாளையத்திலிருந்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இதே நோயில் போனவர்கள் ஐந்து பேரின் கதையை ஊர் வரிசைப்படி சொன்னாள். நான்காவது ஆள் போகும்போது தானே தாங்கமுடியாமல் அழுதாள்.

"அழுவாதீங்க நங்கையா, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று கமலவேணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்சம் தெளிந்ததும் உண்ணாமலை ஐந்தாவது ஆளுக்குப் போனாள்.

மணியன் நாற்காலியில் தலையைச் சாய்த்தபடி எல்லாவற்றுக்கும் "சரிங்க" சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது எல்லோரும் வாசலில் நின்று, அவர் இருக்கிற தைரியத்தில் பாதி கமலவேணிக்கு இருந்தால் போதும் என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் பேசியதும் கமலவேணிக்குத்தான் கேட்டது. அந்த வீட்டில் கேட்கிற காது அவளுடையது மட்டும்.

உண்மையில் மணியனுக்கு ராத்திரியில் கால் நடுங்கியது. கட்டிலின் சட்டத்தில் நடுக்கம் ஏறி அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் பாய் போட்டுப் படுத்தார். முதுகு வலி என்று காரணம் சொன்னார். இரண்டாம் நாள், பல்லி கேட்காமல் எதுவும் செய்ய முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

ஆற்றங்கரைக்குப் போகிற வழியில் ஓங்காளியம்மன் கோயில் இருக்கிறது. ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு, விடிகாலையில் அம்மன் முன்னால் உட்கார வேண்டும். பல்லி வலப்பக்கம் சொன்னால் உத்தரவு கிடைத்துவிட்டது. இடப்பக்கம் சொன்னால் அடுத்த அமாவாசை வரைக்கும் அந்தக் காரியத்தைத் தொடக் கூடாது. மூன்று நாள் கேட்கலாம், அதற்குமேல் கேட்பது அம்மனைத் தொந்தரவு செய்வது. மணியன் தன் கல்யாணத்தை இப்படித்தான் கேட்டார். நர்மதாவுக்குப் பெயர் வைக்கவும், அவளைக் கல்லூரியில் சேர்க்கவும் கேட்டார். காது போன பிறகு ஒருமுறை, நர்மதா கோயம்புத்தூரில் வேலைக்குச் சேரும்போது, கமலவேணியைக் கூட உட்காரவைத்து அவள் காதால் கேட்டார். அதில் தவறேதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுச் சாமி பார்ப்பதில்லையா.

நர்மதா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அப்பாவின் முன்னால் வந்து நின்று, உதடு நன்றாகத் தெரியும்படி சொன்னாள்.

"ஏம்ப்பா, ஸ்கேன் சொல்லியாச்சு. டாக்டர் சொல்லியாச்சு. இன்னும் பல்லி வேற சொல்லோணுமா?"

"மூணு பேரும் சொன்னா நல்லதுதானே சாமி."

"எடப்பக்கம் சொல்லிப்போட்டா?"

மணியன் மூச்சு விட்டார். "அமாவாசை இப்பத்தான் போச்சு. அடுத்தது வரைக்கும் பொறுக்கோணும்."

"அது வரைக்கும் அம்மா பொறுக்குமா? டாக்டர் ஒரு வாரங்கூடத் தள்ளக்கூடாதுன்னு சொன்னாருல்ல?"

"உத்தரவு இல்லாம கத்தி வெச்சு, உங்கம்மாளுக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னா, நான் என்ன பண்ணுவேன் சாமி?"

அவர் குரல் உயரவில்லை. அவர் குரல் உயர்கிறதா என்று அவருக்கே தெரியாது. ஆனால் உத்தரவு இல்லாமல் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார் என்பது நர்மதாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள். கமலவேணி அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"போயிட்டு வாரோம், விடு" என்றாள். "போகாம உட்டா உங்கப்பன் எந்திரிச்சே நிக்க மாட்டாரு."

புதன்கிழமை விடிகாலை போனார்கள். ஈரக்காற்றடித்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். பூசாரி ரங்கன் விளக்குப் போட்டுவிட்டு வெளியே கூட்டிக்கொண்டிருந்தார். மணியன் அம்மனைப் பார்க்கவில்லை, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் நடக்கவில்லை. பல்லி வாய் திறக்கவில்லை என்று தெரிந்தது.

வியாழக்கிழமை பக்கத்து மண்டபத்தில் முகூர்த்தம். மேளக்காரர்கள் ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிட்டார்கள். தரை அதிர்வதிலிருந்து மணியனுக்கே மேளம் தெரிந்தது.

"பல்லி இல்லீங்க, இன்னைக்கு யானை சொன்னாலும் எனக்குக் கேக்காது" என்றாள் கமலவேணி. எழுந்து வந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மணியன் குளித்த ஈரத்தோடு, புதுத்துண்டு போர்த்தி உட்கார்ந்தார். அன்றைக்குக் காற்றில்லை. ரங்கன் பின்பக்கம் வாசலருகே கூட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் போனது. அப்போது கமலவேணியின் முகத்தில் ஏதோ நின்றது. பட்டறையில் ஒரு இழை அறுந்தால் தறி நிற்பதற்கு முன் ஒரு கண நேரம் ஓட்டம் மாறும். அதைப்போல. கழுத்தைத் திருப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூக்குத்தியை ஒரு சுற்றுத் திருகினாள்.

"சொல்லுச்சா?" என்று மணியன் உதட்டால் கேட்டார்.

அவள் கண்ணைத் திறந்து தலையாட்டினாள்.

"எந்தப் பக்கம்?"

கமலவேணி கையைத் தூக்கி, அவருடைய வலது தோளில் இரண்டு முறை தட்டினாள்.

மணியன் அப்படியே குப்புற விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது துண்டெல்லாம் விபூதி. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசினார். அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. நர்மதா சுட்டுப்போட்ட தோசையில் ஆறு சாப்பிட்டார். அன்றிரவு கட்டிலில் படுத்தார். கால் நடுங்கவில்லை.

கமலவேணி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள். ஆபரேஷன் பயம் என்று மணியன் நினைத்தார். அதனால் அவளுக்குத் தைரியம் சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக, ஊரார் அவரிடம் எதிர்பார்த்த வேலையை அவர் செய்தார்.

"அம்மனே வலப்பக்கம் சொல்லியாச்சு. உனக்கென்ன பயம் வேணி?"

"ஆமாங்க" என்றாள்.

சனிக்கிழமை சாப்பிடும்போது சொன்னார். ஞாயிற்றுக்கிழமை துணி எடுத்துவைக்கும்போது நான்கு முறை சொன்னார். அடுத்த வாரமும் தினம் ஒரு தடவையாவது சொன்னார். வருகிறவர்களிடம், அவர்கள் என்ன கேட்டாலும், "அம்மன் உத்தரவு குடுத்துருச்சுங்க" என்றார். அவர்கள் கமலவேணியிடம் திரும்பி, "பொறவென்ன கமலா" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் "ஆமாங்க" என்று சொல்லவேண்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை, ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கமலவேணி கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள். நர்ஸ் நிறுத்தினாள். மணியன் குனிந்தார். கமலவேணி உதட்டை அசைத்தாள்.

"துணி நனைய வெச்சுட்டு வந்துட்டேன். அலசிப் போட்டுருங்க. நீலச்சீலையை மட்டும் தனியா, அது சாயம் போகும்."

"சரி" என்றார் மணியன்.

நான்கு மணி நேரம் நடைவழியில் உட்கார்ந்திருந்தார். உண்ணாமலை இரண்டு முறை மயங்கப் போனாள். நர்மதா நகத்தைக் கடித்துக்கொண்டு நடந்தாள். மணியன் சுவரில் உள்ளங்கையை வைத்து, அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற அதிர்வைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடுகிற மெஷின் நல்ல மெஷின். "கல்லு மாதிரி இருக்கான் என்ற தம்பி" என்று உண்ணாமலை பக்கத்திலிருந்தவர்களிடம் காட்டினாள். அவர் கல்லில்லை. உத்தரவு வாங்கிய காரியம் கெடாது என்று நம்பிய ஒரு மனிதர், அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் காது கேட்காததால் வந்த பெயர் அது. அன்று ஒருநாள்தான் அவருக்கு நிஜமாகவே பயமில்லை.

கமலவேணி பிழைத்தாள். பிறகு மருந்து ஏற்றினார்கள். முடி போனது. முடி போனதைவிட, வருகிறவர்கள் தலையைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல மின்விசிறியைப் பார்ப்பதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. "ஃபேனு நல்லாத்தான் ஓடுதுங்க" என்று சின்னண்ணனிடம் சொன்னாள். எட்டு மாதம் கழித்துப் பாதி நாள் தார் சுற்றப் போனாள். அறுத்த பக்கத்துக் கை வீங்கும். அந்தக் கையைத் தூக்கி ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டு, மறு கையால் வேலை பார்த்தாள்.

அந்த வருஷம் நர்மதா அப்பாவை இழுத்துக்கொண்டுபோய்க் காதுக்கு மெஷின் வாங்கி மாட்டினாள். மணியனுக்கு முதல்நாள் தன் செருப்புச் சத்தமே பெரிய இடைஞ்சலாக இருந்தது. இரண்டாம் நாள் உண்ணாமலை வந்தாள்.

"அக்கா இவ்வளவா பேசும்?" என்று அவள் போன பிறகு கேட்டார்.

"இருவத்திரெண்டு வருசமா நான் இதக் கேட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கேன்" என்றாள் கமலவேணி.

மெஷின் மாட்டிய பிறகு மணியனின் மன உறுதி ஊருக்குள் குறைந்துவிட்டது. யாராவது கெட்டது சொன்னால் முகம் மாறியது. "அய்யய்யோ" என்றார். ஒரு சாவுக்குப் போய், ஒப்பாரி காதில் விழுந்து, தாங்கமுடியாமல் பாதியில் எழுந்துவந்தார். "பொண்டாட்டி சீக்கு ஆளை உடைச்சுப்போட்டுது, முந்தி எப்படி இருந்த மனுசன்" என்று சின்னண்ணன் வருத்தப்பட்டார். இப்போது அதுவும் மணியனுக்குக் கேட்டது.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நேர்ந்துகொண்டபடி ஓங்காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். வெளி முற்றத்தில் மூன்று கல் கூட்டி, கமலவேணி பானை வைத்தாள். முடி காதுவரை வளர்ந்திருந்தது. மணியன் தேங்காய்ப் பழத்தட்டை எடுத்துக்கொண்டு கோயில் படிக்குப் போனார். ரங்கன் மேல்படியில் முற்றத்தைப் பார்த்து நின்றுகொண்டு தட்டை வாங்கினார்.

"ஊட்டுல இப்ப நல்லாயிருக்காங்களா?"

"நல்லாயிருக்காங்க பூசாரி. அம்மன் உத்தரவு குடுத்தாளே."

ரங்கன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு எடப்பக்கந்தானுங்களே சொல்லுச்சு. நான் பின்னால கூட்டிக்கிட்டு நின்னேன், வெளக்கமாத்தக் கீழ போட்டுட்டேன். மூணு தடவை சொல்லுச்சு. தெளிவா. நீங்க பாட்டுக்கு உழுந்து கும்பிட்டுட்டுப் போறீங்க. எடப்பக்கம் சொல்லியும் ஆபரேசனுக்குப் போனீங்கன்னு கேள்விப்பட்டப்போ எனக்கு உசுரே இல்லீங்க. உங்க தைரியம் யாருக்கும் வராது."

மணியன் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றார். பிறகு, "திருநீறு குடுங்க" என்றார். வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அந்தப் பத்து நாளும் தான் எத்தனை தடவை "அம்மனே சொல்லியாச்சு" என்று அவளிடம் சொன்னோம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். முப்பதுக்குமேல் போனது, விட்டுவிட்டார்.

அடுப்படிக்கு வந்தபோது பானை பொங்கும் பதத்தில் இருந்தது. கமலவேணி புகைக்கு விலகி முகத்தைத் திருப்பியபடி, பழைய பழக்கத்தில் உதட்டால் கேட்டாள்.

"பூசாரி என்னங்க அவ்வளவு நேரம்?"

"வெளி மதிலுக்கு வெள்ளை அடிக்கறாங்களாம்" என்றார் மணியன். "ஆளுக்குக் கொஞ்சம் குடுக்கச் சொன்னாரு."

"குடுத்தாப் போச்சு" என்றாள். அவர் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, வீங்குகிற கையைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். பொங்கல் வழிந்தது. இருவரும் சேர்ந்து கும்பிட்டார்கள்.

இன்றுவரை மணியன் அதைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

ரங்கன் நின்ற படிக்கும் பொங்கல் அடுப்புக்கும் முப்பதடி இருக்கும். பட்டறை ஜன்னலிலிருந்து மணியனின் தறி அதைவிடத் தூரம். பூசாரியின் உதடு நன்றாகவே தெரிந்தது என்று, வெகுநாள் கழித்து, வேறு எதையோ பேசும்போது கமலவேணி நர்மதாவிடம் சொன்னாள்.